கேளுங்கள் சொல்கிறோம்: பிரிட்டனில் முதல் பைக்

குளிர் குறைந்ததும் எல்லோருக்கும் பைக் ஞாபகம் வந்துவிடுகிறது போல. பிரிட்டனில் இருக்கும் வாசகர்களிடமிருந்து வண்டி பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன, அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டேன். இங்கே சொல்வது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு. வட அயர்லாந்தில் விதிகள் கொஞ்சம் வேறு.

கேள்வி: நான் நாகர்கோவில்காரி, வயது 28. டெர்பியில் நர்ஸாக வந்து ஏழு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை டியூட்டி என்றால் நேரத்துக்குப் பஸ் இல்லை, டாக்சிக்கே சம்பளம் கரைகிறது. ஊரில் ஸ்கூட்டி ஓட்டுவேன், அவசரத்துக்கு அப்பாவின் ஸ்பிளெண்டரும் ஓட்டியிருக்கிறேன், கியர் வண்டிக்கு லைசென்ஸ் இருக்கிறது. அதை வைத்தே இங்கே ஓட்டலாமா? முதலில் என்ன வண்டி வாங்கலாம்? — டெர்பி வாசகி

தங்கச்சி, சட்டப்படி ஓட்டலாம். நீங்கள் இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம் வரை இந்திய லைசென்ஸில் எந்த வகை வண்டி இருக்கிறதோ அதை ஓட்டலாம். இலங்கை லைசென்ஸுக்கும் இதேதான். உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் பாக்கி. அந்தக் கெடு முடிந்த மறுநாள் முதல் ஊர் லைசென்ஸ் இங்கே செல்லாது. தெரியாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம், அதோடு இன்சூரன்ஸும் கைவிட்டுவிடும். இந்திய லைசென்ஸைக் கொடுத்து பிரிட்டிஷ் லைசென்ஸாக மாற்றிக்கொள்ளும் வசதியும் கிடையாது, அது வேறு சில நாட்டுக்காரர்களுக்குத்தான்.

அதனால் ஐந்து மாதம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாமல் இப்போதே புரொவிஷனல் லைசென்ஸுக்கு, அதாவது பழகுநர் லைசென்ஸுக்கு, விண்ணப்பித்துவிடுங்கள். ஆன்லைனில் 34 பவுண்டு, தபாலில் 43. கையில் வந்ததும் சிபிடி எனும் கட்டாய அடிப்படைப் பயிற்சிக்குப் போங்கள், இடத்தைப் பொறுத்து 150, 200 பவுண்டு கேட்பார்கள். இது பரீட்சை இல்லை. போனதும் 20 மீட்டர் தள்ளி நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்வார்கள், கண்ணாடி போடுகிறவர் மறந்துவிட்டுப் போனால் அன்றைய நாள் அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் ஒரு காலி மைதானத்தில் எட்டு போடுவது, யூ டர்ன், சடன் பிரேக். அதெல்லாம் ஒழுங்காக வந்தால்தான் ரோட்டுக்குக் கூட்டிப் போவார்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் காதில் ரேடியோவை மாட்டிவிட்டுப் பின்னாலேயே வந்து, "தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார், கண்ணாடி மட்டும் போதாது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். திருப்தி இல்லை என்றால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்கு ஓட்டத் தெரியுமே, இது எதற்கு என்று தோன்றும். அப்பாவின் ஸ்பிளெண்டரை நினைத்துப் பாருங்கள். அதில் நியூட்ரலிலிருந்து நாலு கியரும் காலால் முன்பக்கம் மிதித்து மிதித்துத்தான் ஏற்றுவோம். இங்கே கிடைக்கும் 125 வண்டிகளில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றதெல்லாம் பெருவிரலால் மேலே தூக்கணும். பழக்க தோஷத்தில் நாற்பது மைல் வேகத்தில் அடுத்த கியர் என்று நினைத்து மிதித்தால் வண்டி கீழ் கியருக்கு இறங்கும், பின் சக்கரம் கட்டி இழுக்கும், ஈரத்தில் அது வழுக்கினால் கதை முடிந்தது. மூளைக்குத் தெரிந்தாலும் காலுக்குத் தெரியாது, அதை மைதானத்திலேயே பழக்கிக்கொள்வது நல்லது. வேண்டாம் இந்த வம்பு என்றால் கியர் இல்லாத 125 ஸ்கூட்டர் எடுங்கள், டியூட்டிக்குப் போய்வர அது தாராளம்.

சிபிடி சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். அதை மட்டும் வைத்து ஓட்டுகிறவர் 125 சிசி, எஞ்சின் சக்தியில் 11 கிலோவாட் தாண்டக் கூடாது, முன்னும் பின்னும் சிவப்பு எல் போர்டு இருக்கணும், மோட்டார்வேயில் ஏறக் கூடாது, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது.

வண்டி என்ன என்று கேட்டீர்கள். ஹோண்டா சிபி125எஃப் போன்ற சாதுவான வண்டி போதும், புதிதாகவே மூவாயிரம் பவுண்டு அளவில்தான் வரும், பெட்ரோலும் அதிகம் குடிக்காது. ஆனால் நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் இன்சூரன்ஸ், அப்புறம் வண்டி. மனசுக்குப் பிடித்த நாலு மாடலைக் குறித்துக்கொண்டு, விலை ஒப்பிடும் தளங்களில் உங்கள் போஸ்ட்கோடு, வயது, லைசென்ஸ் விவரத்தைப் போட்டு ஒவ்வொன்றுக்கும் விலை கேளுங்கள். ஒரே தெருவில் ஒரே ஆளுக்கு ஒரு மாடலுக்கு ஒரு தொகையும் திருடர்கள் விரும்பும் இன்னொரு மாடலுக்கு அதைவிடப் பல மடங்கும் வருவது இங்கே சாதாரணம். ஊரில் பத்து வருடம் விபத்தில்லாமல் ஓட்டியதற்குச் சலுகை கேட்டால் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். படிவத்தில் வேலைக்குப் போய்வருவதையும் சேர்த்துக் குறியுங்கள். சும்மா சொந்த உபயோகம் என்று போட்டு இருபது முப்பது பவுண்டு மிச்சம் பிடித்துவிட்டு, டியூட்டிக்குப் போகும் வழியில் விழுந்தால் கம்பெனி கைவிரித்துவிடலாம். ஒரே டியூட்டியில் இரண்டு ஆஸ்பத்திரிக்கு அலைகிறவர் என்றால் அதையும் சொல்லிவிடணும்.

24 வயது ஆனவர் நேராக முழு லைசென்ஸுக்கே பரீட்சை கொடுக்கலாம். உங்களுக்கு 24 தாண்டிவிட்டது, அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சிபிடியைப் புதுப்பித்துக்கொண்டு எல் போர்டோடு காலம் தள்ளாதீர்கள். நம்மவர்கள் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. அதற்கு மூன்று பரீட்சை: கணினியில் எழுதும் தியரி 23 பவுண்டு, மைதானத்தில் ஓட்டிக் காட்டும் மாட்யூல் ஒன்று 15.50, ரோட்டில் ஓட்டிக் காட்டும் மாட்யூல் இரண்டு வார நாளில் 75. பெரிய வண்டியிலேயே பழகிக் கொடுத்தால் முழு லைசென்ஸ் நேராகக் கிடைத்துவிடும். தியரியில் 50 கேள்விக்கு 43 சரியாக இருக்கணும், அதற்கப்புறம் வீடியோவில் ஆபத்தைக் கண்டுபிடிக்கும் பகுதியில் 75க்கு 44. முன்பு இந்தத் தியரியைத் தமிழிலேயே காதில் கேட்டு எழுதலாம், 2014 ஏப்ரலில் எல்லா வெளிநாட்டு மொழிகளையும் எடுத்துவிட்டார்கள். நர்ஸ் வேலைக்கு ஆங்கிலப் பரீட்சை பாஸ் பண்ணிய உங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மாட்யூல் ஒன்றில் மணிக்கு 50 கிலோமீட்டரில் வந்து சட்டென்று நிறுத்திக் காட்டணும். நாடு முழுக்க மைலில் ஓடும்போது பரீட்சை மட்டும் கிலோமீட்டரில், ஏனென்று கேட்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, கவென்ட்ரியில் எம்.எஸ்சி. படிக்கிறேன், மாணவர் விசா. ஒரு பழைய 125 வாங்கி உணவு டெலிவரி செய்தால் வாடகை தேறும் என்கிறார்கள். ஒரு நண்பர் தன் டெலிவரி கணக்கை வாரக் கட்டணத்துக்குத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா? — கவென்ட்ரி மாணவர்

வேண்டாம் தம்பி. வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம்தானே என்று கேட்பீர்கள். அந்த 20 மணி நேரம் ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்குப் பார்க்கும் வேலைக்கு. சுயதொழில் மாணவர் விசாவில் கூடவே கூடாது, ஆப் மூலம் செய்யும் டெலிவரி பெரும்பாலும் சுயதொழில் கணக்கில்தான் வரும். அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுப்பது அதைவிட மோசம். உள்துறையான ஹோம் ஆபீஸின் ஆட்கள் டெலிவரிக்காரர்களை நடுரோட்டில் நிறுத்தி விசாவைச் சோதிப்பது இப்போது சகஜம். மாட்டினால் அபராதத்தோடு போகாது, விசாவே போகும், ஊரில் அப்பா வாங்கிய கல்விக்கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

இன்சூரன்ஸிலும் இதே கதைதான். சாதாரண பாலிசி உணவு டெலிவரிக்குச் செல்லாது, அதற்குத் தனிப் பாலிசி, விலையும் அதிகம். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டும் லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளியும், வண்டியையும் அங்கேயே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வாட்ஸ்அப்பில் மலிவு விலைக்குப் பாலிசி எடுத்துத் தருகிறேன் என்று வருபவர்களையும் நம்பாதீர்கள், பல போலி. படித்து முடித்துப் பட்டதாரி விசாவுக்கு மாறினால் சுயதொழில் செய்யலாம், அப்போது வேண்டுமானால் யோசியுங்கள். இப்போதைக்குக் கடையிலோ கிடங்கிலோ சம்பள வேலை தேடுங்கள். அதற்குப் போய்வர பைக் வாங்கினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

கேள்வி: எனக்கு புல்லட் என்றால் உயிர். சிபிடி முடித்துவிட்டேன். இங்கே ராயல் என்ஃபீல்டு ஷோரூம் வாசலில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். எடுத்துவிடட்டுமா? — லெஸ்டர் வாசகர்

எடுக்கலாம், ஓட்டத்தான் முடியாது. புல்லட் 349 சிசி, நீங்கள் வைத்திருப்பது 125க்கான சீட்டு. 19 வயது ஆகியிருந்தால் ஏ2 பரீட்சை போதும், அதில் 35 கிலோவாட் வரை போகலாம், புல்லட் அதில் பாதிகூட இல்லை. 24 ஆகியிருந்தால் முழு லைசென்ஸுக்கே போங்கள். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் 1901ல் முதல் மோட்டார் சைக்கிள் செய்த கம்பெனி, 1955ல் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் நம் ஆட்கள் கையால் உருவாகி, பிறந்த ஊரில் அது நின்றுபோன பின்னும் நம் ஊரில் நிற்காமல் ஓடி, இன்று அங்கிருந்தே கப்பல் ஏறி வந்து உங்கள் ஊர் ஷோரூமில் நிற்கிறது. நீங்கள் பாஸ் பண்ணும் வரைக்கும் அது காத்திருக்கும், கவலை வேண்டாம்.

கேள்வி: பழைய வண்டி வாங்கப் போகிறேன். நம் ஊர் ஆர்.சி. புக் மாதிரி இங்கே எதைப் பார்க்கணும்? — ஸ்லவ் வாசகர்

வி5சி என்று ஒரு தாள் இருக்கும், எல்லோரும் லாக்புக் என்பார்கள். அதில் இருக்கும் பெயர் வண்டியைப் பதிவு செய்து வைத்திருப்பவர் பெயர், உரிமையாளர் என்பதற்கு அது ஆதாரம் இல்லை என்று அந்தத் தாளிலேயே போட்டிருக்கும். அதனால் வண்டியை அதில் உள்ள முகவரி வீட்டு வாசலில் போய்ப் பாருங்கள். பெட்ரோல் பங்கில் சந்திக்கலாம் என்கிறவரை விட்டுவிடுங்கள். சேஸிஸ் நம்பரைத் துணியால் துடைத்துத் தாளோடு ஒப்பிடுங்கள், அந்த இடத்தில் புதுப் பெயின்ட்டோ சுரண்டலோ இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து செய்ய ஒரு வேலை இருக்கிறது. அரசு இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் எம்.ஓ.டி. வரலாறு முழுவதும் இலவசமாக வரும். மூன்று வயது தாண்டிய வண்டிக்கு வருடாவருடம் இந்தத் தகுதிச் சோதனை. ஒவ்வொரு வருடமும் எத்தனை மைல் ஓடியிருந்தது, டயர் தேய்மானம், செயின் தளர்வு என்று என்னென்ன எழுதினார்கள் எல்லாம் அதில் இருக்கும். போன வருடம் 14,000 மைல் காட்டிய வண்டி இன்று 9,000 காட்டினால் மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை. கடன் பாக்கி, திருட்டுப் புகார் இருக்கிறதா என்று பார்க்கத் தனியாகக் கொஞ்சம் காசு செலவாகும், அதில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

பழைய ஆள் கட்டிய சாலை வரி வண்டியோடு வராது. வாங்கிய கையோடு உங்கள் பெயரில் கட்டி, இன்சூரன்ஸும் ஓடத் தொடங்கிய பிறகுதான் சாவியைத் திருப்பணும். 125 வண்டிக்கு வரி வருடத்துக்கு முப்பது பவுண்டுக்குள்தான். லண்டனுக்குள் ஓட்டுவதாக இருந்தால் 2007 ஜூலைக்குப் பிறகு பதிவான வண்டியாகப் பாருங்கள், அதற்கு முந்தையது என்றால் பெரும்பாலும் மாசுக் கட்டணம் நாளுக்கு 12.50 பவுண்டு விழும்.

கேள்வி: ஊரிலிருந்து நல்ல ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் கொண்டுவந்திருக்கிறேன், அது போதாதா? மழையிலும் குளிரிலும் ஓட்ட முடியுமா? — கிளாஸ்கோ வாசகர்

போதாது. தாடை வாரைத் திருப்பிப் பாருங்கள், வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் போட்ட சின்ன வெள்ளைத் துணிச் சீட்டு தைத்திருந்தால் இங்கே செல்லும், இல்லையென்றால் அதை அலமாரியில் வையுங்கள். புதிது வாங்கும்போது ஷார்ப் என்ற அரசுத் தரப்பட்டியலில் எத்தனை ஸ்டார் என்று பார்த்து வாங்குங்கள், விலை கூடினால் ஸ்டார் கூடும் என்று நினைக்காதீர்கள். சட்டம் கேட்பது ஹெல்மெட் ஒன்றைத்தான், ஆனால் கிளாஸ்கோ குளிரில் நல்ல கையுறை இல்லாமல் கொஞ்ச தூரம் போனாலே பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்காது.

மழையைவிட எனக்குப் பயம் ரோட்டில் கிடப்பதுதான். ஈரமான சாக்கடை இரும்பு மூடி, உதிர்ந்த இலை, ரவுண்டானா வளைவில் லாரி சிந்திய டீசல். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், ரோட்டில் உப்புத் தூவுவார்கள், அது செயினை அரித்துவிடும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவி எண்ணெய் போடுங்கள். கறுப்புப் பனி, அதாவது ரோட்டில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் படலம், என்று வானிலையில் சொன்னால் அன்றைக்குப் பஸ்தான்.

கேள்வி: வீட்டுக்காரர் சிபிடி முடித்து எல் போர்டு மாட்டியிருக்கிறார். கோயிலுக்கு என்னைப் பின்னால் வைத்துக் கூட்டிப்போகிறேன் என்கிறார். போகலாமா? ஹாரனே அடிக்காமல் ஓட்டுகிறார், அதுவும் பயமாக இருக்கிறது. — ஈஸ்ட் ஹாம் வாசகி

எல் போர்டு இருக்கும் வரை பின்னால் ஏறக் கூடாது, கோயிலுக்கு என்றாலும்தான். முழுப் பரீட்சையை முடிக்கச் சொல்லுங்கள். ஹாரன் விஷயத்தில் அவர் செய்வதுதான் சரி. இங்கே ஓவர்டேக் செய்யும்போது அடித்தால் திட்டுவதாக எடுத்துக்கொள்வார்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு பதினொன்றரையிலிருந்து காலை ஏழு வரை அடிக்கவே கூடாது என்று விதி. அதற்குப் பதிலாகத் திரும்பும் முன் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்க்கிறாரா என்று நடைபாதையில் நின்று கவனியுங்கள். பார்க்கவில்லை என்றால் அன்று மாலையே சொல்லிவிடுங்கள்.