நிரந்தரப் பதவி எதுவும் இல்லாமல் கோசிமோ தே மெதிச்சி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரை எப்படி ஆண்டார்?

பணமும் ஆள்பலமும்தான். 1389-இல் பிறந்த கோசிமோ, தந்தை ஜியோவன்னி தொடங்கிய வங்கியைப் பெரிதாக வளர்த்தவர். போப்பின் கணக்கு வழக்கே அந்த வங்கியில்தான் இருந்தது. அவர் செல்வாக்கைக் கண்டு பயந்த அல்பிட்சி என்ற போட்டிக் குடும்பத்தின் கோஷ்டி, 1433-இல் அவரைச் சிறைபிடித்து நாடு கடத்தியது. அடுத்த ஆண்டே திரும்பிவிட்டார். இப்போது எதிரிகள் வெளியேறினார்கள்.

அப்புறம் செய்ததுதான் உண்மையான சாமர்த்தியம். ஃபுளோரன்ஸ் குடியரசில் பையில் போட்ட பெயர்ச்சீட்டுகளைக் குலுக்கி எடுத்துத்தான் ஆட்சிக்குழுவை அமைப்பார்கள், அதுவும் இரண்டே மாதத்துக்கு. சட்டத்தை அவர் ஒழிக்கவில்லை. எந்தப் பெயர்கள் பைக்குள் போகலாம் என்பதைத் தன் ஆட்கள் தீர்மானிக்கும்படி பார்த்துக்கொண்டார். 1464-இல் இறக்கும்வரை பெயரளவில் அவர் சாதாரணக் குடிமகன்தான்.

இது மக்களாட்சி இல்லை, சரி. ஆனாலும் அதே பணத்தில் சான் மார்க்கோ மடத்தில் அறிஞர்களுக்குத் திறந்த நூலகம் அமைத்ததற்காக அவரை மதிக்கிறேன்.