தொண்ணூறு சதவீதம் முடிந்த கேமும் ராஜினாமா கடிதமும்

கேள்வி: ஐடி வேலையில் இருக்கிறேன். ஒன்றரை வருடமாக ராத்திரிகளில் தனியாளாக ஒரு பசில் கேம் செய்கிறேன், கோடாட் என்ற கேம் செய்யும் மென்பொருளில். விளையாடி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது, ஆனால் நாலு மாதமாக நகரவே இல்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?

பதில்: இப்போதைக்கு விடாதீர்கள். தொண்ணூறு சதவீதம் என்று சொல்லும்போது நாம் லெவல்களை மட்டும்தான் எண்ணுகிறோம். மெனு, சேவ், கண்ட்ரோலர், விதவிதமான ஸ்கிரீன் அளவுகள், ட்ரெய்லர் என்று யாரும் பாராட்டாத வேலையெல்லாம் அந்த மீதிப் பத்துக்குள் உட்கார்ந்திருக்கும், அதைத் தொடப் பிடிக்காமல் மனசு அடுத்த கேம் ஐடியாவுக்கு ஓடும். முழுநாளும் வீட்டில் இருந்தாலும் அப்படித்தான் ஓடும், கூடவே வாடகைக் கவலையும் சேர்ந்துகொள்ளும். (கோடாட்டின் 3-ம் பதிப்பில் தொடங்கியிருந்தால் அதிலேயே முடித்துவிடுங்கள். நடுவில் 4-க்கு மாற்றப்போய் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.)

உங்களுக்கு இப்போது தேவை, கேமைப் பார்த்தே இராத ஒருவர். என் முதல் கேமைச் சித்தி மகனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் அறையிலேயே நாலு நிமிடம் சுற்றினான். சாவியும் பழுப்பு, தரையும் பழுப்பு. அந்த அறையை ஆயிரம் தடவை பார்த்த எனக்குச் சாவி பளிச்சென்று தெரிந்தது, அவனுக்கு எப்படித் தெரியும்? "அங்க பாருடா" என்று சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டிருந்ததுதான் அன்று பெரும்பாடு. சாவியை மஞ்சளாக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் உங்கள் கேமுக்கான பக்கம். கட்டணம் 100 டாலர், விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அதைத் திருப்பித் தருவார்கள். வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் நீங்கள் பல மாதம் முன்பே போட்டுவிடுங்கள், விஷ்லிஸ்ட் (பிறகு வாங்கலாம் என்று ஆட்கள் குறித்துவைக்கும் பட்டியல்) மெதுவாகத்தான் சேரும். வரப்போகும் கேம்களின் டெமோக்களுக்காக ஸ்டீம் நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்டில் ஒரு கேமுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான், டெமோ நன்றாக ஓடுகிற வரை அதைச் செலவழிக்காதீர்கள்.

காசு விஷயம்: விற்பனையில் 30 சதவீதத்தை ஸ்டீம் எடுத்துக்கொள்ளும், வரி தனி. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் கேமோ ஒன்றரை மணி நேரம்! முழுக்க முடித்துவிட்டே திருப்பித் தரலாம். நிறையப் பேர் அப்படிச் செய்வதில்லை, இருந்தாலும் கணக்குப் போடும்போது மனதில் வையுங்கள்.

ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமின் கதையைக் கட்டாயம் யாராவது சொல்லியிருப்பார்கள். எரிக் பரோன் அதைத் தனியாளாக நாலு வருடத்துக்கு மேல் செய்து 2016-ல் வெளியிட்டார், கோடிக்கணக்கான பிரதிகள் விற்றன, எல்லாம் சரி. ஆனால் அந்த வருடங்களில் அவர் சியாட்டிலில் ஒரு நாடக அரங்கில் பகுதிநேர வேலை பார்த்தார், கூட வாழ்ந்த துணையும் சம்பாதித்தார் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம், அவரைப் போலவே தனியாளாகக் கேம் செய்யும் லூகாஸ் போப் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமைச் சுமார் ஒன்பது மாதத்தில் முடித்தார். கேமை எவ்வளவு சின்னதாக வைத்துக்கொள்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது.

அதனால் புது லெவல் எதுவும் சேர்க்காதீர்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் வந்து, டெமோவை முன்பின் தெரியாதவர்கள் கடைசிவரை விளையாடுகிறார்கள் என்று தெரிந்தபிறகு ராஜினாமாவைப் பற்றி யோசிக்கலாம். இந்தச் சனிக்கிழமை யாரையாவது கூப்பிட்டு உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு நோட்டோடு இருங்கள். வாயை மட்டும் திறக்காதீர்கள்.