பனி நிலவுகளில் வெயிலே இல்லாமல் கடல் எப்படி? உயிர் இருக்குமா?

பனி நிலவு என்றால் மேலே தடித்த பனி ஓடு, அடியில் உப்புக்கடல். வியாழனின் யூரோப்பாவும் சனியின் என்செலடஸும் அப்படித்தான். யூரோப்பாவின் மேற்பரப்பு ஏறக்குறைய மைனஸ் 160 டிகிரி. இருந்தும் உள்கடல் உறையவில்லை. காரணம், யூரோப்பா வியாழனை மூன்றரை நாளுக்கு ஒருமுறை நீள்வட்டத்தில் சுற்றுகிறது. நெருங்கும்போது இழுபட்டு, விலகும்போது தளர்கிறது. அந்த உள்உரசலே சூடு. பினாங்குத் தைப்பூசத்துக்குக் காவடிக் கம்பி வளைத்தவர்களுக்கு இது தெரியும்: ஒரே இடத்தை முன்னும் பின்னும் மடக்கினால், ஒடிவதற்குள் விரலைச் சுட்டுவிடும்.

என்செலடஸின் பனி வெடிப்புகளிலிருந்து நீர் பீறிடுவதை 2005இல் காசினி விண்கலம் கண்டது. அதில் உப்பும், உயிருக்கு அடிப்படையான கரிமச் (கார்பன்) சேர்மங்களும் இருந்தன. என் நம்பிக்கை இந்தக் குட்டி நிலவின்மேல்தான்.

2024இல் கிளம்பிய நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் உயிரினத்தைத் தேடிப் போகிறது என்பது தவறு. உயிர் வாழ ஏற்ற சூழல் உண்டா என்றுதான் அது பார்க்கும்.