வெயில், மழை, மூடுபனி: வெளியில் படமெடுப்போருக்கான கேள்வி பதில்

கேள்வி: சார், கேமரா வாங்கி ஆறு மாதம் ஆகிறது. வீட்டைச் சுற்றியே எடுத்து அலுத்துவிட்டது. தூரப் பயணத்துக்கு நேரமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அலுப்புக்குக் காரணம் இடம் இல்லை. எப்போதும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் போவதுதான் அலுக்க வைக்கிறது. நடந்து போகிற தூரத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு படமாக ஓராண்டு பின்தொடருங்கள். இலை உதிர்க்கும் மரம் என்றால் இன்னும் நல்லது. தளிர், பூ, அடர்ந்த நிழல், மொட்டைக் கிளை என்று அதுவே உங்களுக்குப் படம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

நிற்கும் இடத்துக்கு ஒரு கல்லையோ வேலிக்கம்பத்தையோ அடையாளம் வையுங்கள். ஜூம் லென்ஸாக இருந்தால் 35 மி.மீ. போல ஓர் அளவில் நிறுத்தி, பிறகு அதைத் தொடாதீர்கள். கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இடுப்பு உயரத்தில் எடுத்ததும் கண் உயரத்தில் எடுத்ததும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. முதல் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, திரையின் கட்டக்கோடுகளில் அடிமரமும் அடிவானமும் அதே இடத்தில் விழுகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள்.

பலர் கோட்டை விடுவது நேரத்தில். "காலை 7 மணி" என்று வைத்துக்கொண்டால் ஒரு பருவத்தில் சூரியன் நன்றாக ஏறியிருக்கும், இன்னொன்றில் அப்போதுதான் தலைகாட்டும். "சூரியன் உதித்து அரை மணி நேரம்" என்று வைத்துக்கொள்ளுங்கள். உதிக்கும் திசை ஆண்டு முழுவதும் நகர்வதை மட்டும் தடுக்க முடியாது. நிழல் மெல்ல மெல்ல இடம் மாறுவதைப் பார்ப்பது இந்தத் தொடரின் பெரிய சுகம்.

கேள்வி: மூடுபனியையும் உறைபனி மூடிய நிலத்தையும் எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வருகிறது. கேமராவில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. படச்சட்டம் முழுக்க வெண்மையாக இருந்தாலும் கேமராவின் ஒளிமானி அதை நடுத்தரச் சாம்பலாக எண்ணி ஒளியைக் குறைத்துவிடுகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மூடுபனிக்கு +⅔ முதல் +1 வரையும், வெயில் படும் பனிநிலத்துக்கு +1 முதல் +2 வரையும் ஏற்றுங்கள். ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருள், வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) வலப்பக்கம் சாய வேண்டும், ஆனால் வலச்சுவரில் முட்டி நிற்கக் கூடாது. நனைந்த கரிய மரப்பட்டைக்கு இதே கணக்கைத் திருப்பிப் போட்டு -⅔ வையுங்கள். எடுத்து முடித்ததும் சுழியத்துக்குத் திருப்ப மறந்தால் அடுத்த நாள் படங்கள் முழுக்க வெளுத்தோ கருத்தோ போகும்.

மூடுபனியில் ஃபோகஸ் முன்னும் பின்னுமாக அலையும். பிடித்துக்கொள்ள ஒரு கூர்மையான விளிம்பு அதற்கு வேண்டும். ஒரு கரிய அடிமரத்தின் விளிம்பில் ஃபோகஸ் பிடித்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். அருகில் ஒரு மரம், நடுவில் ஒன்று, தூரத்தில் மங்கலாக ஒன்று என்று அடுக்காகச் சட்டமிட்டால்தான் ஆழம் வரும். வானம் தெளிந்து, காற்று அடங்கி, தரை ஈரமாக இருந்த இரவின் மறுநாள் விடியலுக்குக் காத்திருங்கள்.

கேள்வி: அண்ணா, மழை கொட்டுது, படத்துல மழையே தெரியல!

பதில்: மழை தெரிய இரண்டு வேண்டும்: துளிகளுக்குப் பின்னாலிருந்து வரும் ஒளி, அதற்கும் பின்னால் ஓர் இருண்ட பரப்பு. வெளிறிய வானத்தைப் பின்னணியாக வைத்தால் துளி அதில் கரைந்துவிடும். அடர்ந்த மரத்தையோ நிழல் விழுந்த சுவரையோ வையுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 முதல் 1/125 வினாடி வரை இருந்தால் துளிகள் கோடாக இழுபடும். தரையில் தெறிக்கும் துளியை உறைய வைக்க 1/500-க்கு மேல் போங்கள். அரை வினாடி வைத்தால் மழை காணாமல் போகும். ஃபிளாஷ் போட்டால் அருகிலுள்ள துளிகள் வெள்ளைப் பொட்டுகளாகப் படம் முழுக்கத் தெறிக்கும்.

பாதுகாப்புக்கு ஒரு தெளிவான பிளாஸ்டிக் பை போதும். ஒரு மூலையில் ஓட்டை போட்டு லென்ஸ் ஹூடை வெளியே விட்டு, ரப்பர் வளையத்தால் இறுக்குங்கள். மழைக்குத் தாங்கும் கேமரா என்றாலும், லென்ஸும் அப்படிச் செய்யப்பட்டதாக இருந்தால்தான் பயன். இணைப்பு வளையம் வழியாகத்தான் நீர் இறங்கும். நனைந்துவிட்டால் உடனே அணைத்து, பேட்டரியைக் கழற்றி, துணியால் ஒற்றி எடுங்கள். தலைமுடி உலர்த்தியால் சூடான காற்றை ஊதாதீர்கள், ஈரம் உள்ளே தள்ளப்படும்.

கேள்வி: மின்னலையும் எடுக்கலாமா?

பதில்: மூடிய கட்டடத்துக்குள்ளிருந்து மட்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவு என்றால் வெளியில் நிற்கவே கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வாருங்கள். இரவில் டிரைபாட் (முக்காலி), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் 10 முதல் 30 வினாடி என்று தொடங்குங்கள்.

கேள்வி: வானவில்லை முழுதாக எடுக்க எந்த லென்ஸ் வேண்டும்?

பதில்: வில்லின் ஆரம் 42 பாகை. அதனால் ஃபுல் ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவில் 20 மி.மீ.க்கும் குறைந்த லென்ஸ் இருந்தால்தான் இரு முனையும் அடங்கும். இல்லையென்றால் தரையைத் தொடும் ஒரு முனையை ஒரு மரத்தோடு சேர்த்து எடுங்கள். பெரும்பாலும் அதுவே நல்ல படம். முதுகுப் பக்கம் சூரியன் தாழ்வாக இருக்க வேண்டும். போலரைசர் (லென்ஸின் முன் மாட்டித் திருப்பும், பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டியிருந்தால் மெல்லத் திருப்பிப் பாருங்கள், ஒரு நிலையில் வில் அழுத்தமாகும், இன்னொன்றில் மறைந்தே போகும்.

கேள்வி: ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால்?

பதில்: போலரைசர். ஈர இலைகளின் மேல் படரும் வெள்ளைப் பளபளப்பை எடுத்துவிடும். கணினியில் பிறகு அதைச் செய்வது மிகக் கடினம். சூரியன் உங்கள் தோள்பக்கம் இருக்கும்போது வானில் அதன் வேலை அதிகம். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) ஒளியைத் தின்னும் என்பதால் ஷட்டர் வேகத்தைக் கவனியுங்கள். அகல லென்ஸில் வானத்தின் ஒரு பாதி கருத்து மறுபாதி வெளிறும், அப்போது கழற்றிவிடுங்கள்.

கேள்வி: கோடையில் நண்பகல் மட்டும்தான் எனக்கு நேரம் கிடைக்கிறது.

பதில்: மரநிழலுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். வெயில் ஊடுருவிய இலையின் நரம்புகளுக்கு அந்த நேரம்தான் அருமை. தூரத்துப் பொருளை டெலி லென்ஸில் (தூரத்தை அருகே இழுக்கும் லென்ஸ்) எடுக்க வேண்டாம். சுட்ட தரையிலிருந்து எழும் அனல் அலைகள் படத்தைக் குழைத்துவிடும், டிரைபாட் வைத்தும் பயனில்லை.

கேள்வி: பழுத்த இலைகளின் சிவப்பு படத்தில் தட்டையாக அப்பிக்கிடக்கிறது.

பதில்: படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறப் பதிவுகளில் சிவப்பு (சிவப்புச் சேனல்) நிறைந்து வழிந்திருக்கிறது. பொது ஹிஸ்டோகிராமில் இது தெரியாது. மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் வகையைத் திறந்து, சிவப்பு சுவரில் முட்டினால் -⅓ அல்லது -⅔ குறையுங்கள். ஆட்டோ வைட் பேலன்ஸ் (ஒளியின் நிறத்தைக் கேமராவே சமன்செய்வது) இலையின் வெதுவெதுப்பை "சரிசெய்து" குளிர வைத்துவிடும். அதை "மேகமூட்டம்" என்ற நிலைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் லென்ஸில் நீர் படர்கிறது.

பதில்: உள்ளே நுழையும் முன்பே கேமராவை ஒரு பையில் போட்டுக் காற்று புகாமல் மூடுங்கள். நீர் பையின் மேல் படரட்டும். அரை மணி நேரமாவது அப்படியே விட்டுவைத்துப் பிறகு திறவுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கத்துக்குப் போகும்போதும் இதுவே. உதிரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். குளிரில் சீக்கிரம் இறங்கும் பேட்டரி, சூடேறியதும் கொஞ்சம் மீளும்.

கேள்வி: மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை வராமல் இருக்க?

பதில்: தோல் பைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப்புகாத டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி போதும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். அடிக்கடி எடுத்துப் பயன்படுத்தும் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது குறைவு.

கேள்வி: முதல் கேள்விக்குச் சொன்ன மரத்தைத் தொடங்கப்போகிறேன், சார். பன்னிரண்டு படத்தையும் எப்படி அடுக்குவது?

பதில்: எல்லாவற்றையும் ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்து, வைட் பேலன்ஸை எல்லாப் படத்துக்கும் 5500 கெல்வின் என்று ஒன்றாக வையுங்கள். அப்போதுதான் பருவத்தின் நிறம் தானாகத் தெரியும். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு, ஒரே அளவில் அச்சிடுங்கள். ஒரு மாதம் தவறிப்போனால் வேறு மாதத்துப் படத்தால் நிரப்பாமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், அடுத்த ஆண்டு அதே மாதம் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.