வீட்டில் தோட்டா செய்பவர்கள் கேட்டவை

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் சிலர், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறார்கள். ரீலோடிங் என்று பெயர். சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே மத்திய அரசின் உரிமம் வேண்டியதில்லை. இந்த முறை அது தொடர்பான கடிதங்களையே எடுத்துக்கொண்டேன்.

கே: வருடத்துக்கு ஒரே சீசன்தான் போவேன். பயிற்சியோடு சேர்த்து 40 தோட்டா ஆகும். ரைஃபிள் .308 அளவு. "எல்லாம் அடங்கிய" கிட் 400 டாலருக்குக் கிடைக்கிறது. மிச்சமாகுமா? (விஸ்கான்சின்)

ஆகாது. முனையிலிருந்து பாயும் குண்டு 45 சென்ட், வெடிமருந்து 30, அதைப் பற்றவைக்கும் பிரைமர் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடு கையில் இருப்பதால் ஒரு தோட்டா 83 சென்ட். கடையில் 20 தோட்டா கொண்ட பெட்டி 35 டாலர் என்றால் ஒன்று 1.75 டாலர். தோட்டாவுக்கு 92 சென்ட் மிச்சம். நாற்பதுக்கு 37 டாலர்கூட வரவில்லை. போட்ட 400 டாலரை எடுக்கவே 11 வருடம் ஆகும். உங்கள் ரைஃபிளுக்கு எது பொருந்துகிறது என்று தேடிப் பார்க்கும் ஆசையில் இறங்குகிறீர்களா, நல்லது, இறங்குங்கள். மிச்சம் பிடிக்கலாம் என்று வீட்டில் சொல்லி வாங்காதீர்கள்.

அப்புறம் அந்த "எல்லாம் அடங்கிய" என்ற சொல். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பெட்டியைப் பிரித்தால் கூட்டை அழுத்தும் பிரஸ் இருக்கும், தராசு இருக்கும், மருந்து அளக்கும் கருவி, புனல், கூட்டில் தடவும் மசகு இருக்கும். கூட்டைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் அச்சு, அதாவது டை இருக்காது. டை ஒவ்வொரு தோட்டா அளவுக்கும் தனி, அதைத்தான் முதலில் வாங்க வேண்டும். டை இல்லாத பிரஸ், தட்டு இல்லாத முறுக்கு அச்சு மாதிரி; எதையும் பிழிய முடியாது. நீளம் அளக்கும் காலிப்பர் பெரும்பாலும் இருக்காது. கூட்டின் நீளத்தை வெட்டிச் சரிசெய்யும் டிரிம்மரும் அப்படித்தான். இவை இருந்தால் நல்லது என்ற வகைச் சாமான் அல்ல. சுடச்சுடப் பித்தளை நீளும். நீண்ட கூட்டின் கழுத்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் முனையில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடித்தால் அழுத்தம் ஏறும். உங்கள் முகத்துக்கு அரை அடி தூரத்தில் ஏறும் அழுத்தம் அது. கூட்டின் நீளத்தை அளக்கிற கருவியை விட்டுவிட்டு "எல்லாம் அடங்கிய" என்று அச்சடிக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கிட்டின் விலையோடு இன்னொரு 150 டாலரையாவது சேர்த்து வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கே: நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு 20 டாலர்தான். போதாதா? (கலிஃபோர்னியா)

போதாது. நானும் அதைத்தான் முதலில் வாங்கினேன். மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறோம். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் என்பது குன்றிமணி எடையில் ஏறக்குறைய பாதி. அதில் பத்தில் ஒரு பங்கைத் தராசு சரியாகக் காட்ட வேண்டும். என்னுடையது மேசையில் ஃபேன் காற்று பட்டால் ஒரு எண், பக்கத்தில் செல்போன் இருந்தால் வேறு எண் காட்டியது. நூறு தோட்டா முடித்த பிறகு சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. நூறையும் பிரித்தேன். இரண்டு இரவு போனது. கோலில் எடை பார்க்கும் நல்ல பீம் தராசு வாங்குங்கள், எடைக்கல்லும் சேர்த்து. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் கல்லை வைத்துப் பார்த்த பிறகு தொடங்குங்கள்.

கே: எச் 4350 என்ற மருந்து கேட்டேன், கடையில் இல்லை. ஐஎம்ஆர் 4350 கொடுத்து "நம்பர் ஒன்றுதானே" என்றார்கள். எச்சுக்கு உள்ள அளவிலேயே 60 தோட்டா நிரப்பிவிட்டேன். பரவாயில்லையா? (ஒஹாயோ)

ஒன்றைக்கூடச் சுடாதீர்கள். நம்பர் ஒன்று, மருந்து வேறு. எச் வரிசையை விற்கும் ஹாட்ஜ்டன் கம்பெனி ஐஎம்ஆரை 2003-ல் வாங்கிவிட்டதால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரித் தெரிகிறது, அவ்வளவுதான். எந்த மருந்து எவ்வளவு என்று சொல்லும் ரீலோடிங் கையேட்டில் இரண்டுக்கும் தனித்தனி வரி, தனித்தனி எண். கடைக்காரர் சொன்னது தவறு, சரி. ஆனால் தம்பி, டப்பாவில் இருக்கும் பெயரைக் கையேட்டோடு ஒத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? 60 தோட்டா நிரப்பிய பிறகா எனக்கு எழுதுவது? குண்டைக் கழற்ற, சுத்தியல் மாதிரி ஒரு புல்லட் புல்லர் கிடைக்கும். அதை வாங்கி அத்தனையையும் பிரியுங்கள்.

கே: ஒரு முறை சுட்ட கூடு, "ரீலோட் செய்யலாம்" என்று போட்டு 500 விற்றார்கள். வந்ததும் பழைய பிரைமரைத் தள்ளப் பார்த்தேன், டையில் மூன்று ஊசி முறிந்தது. கூட்டின் உள்ளே பார்த்தால் அடியில் இரண்டு சின்ன ஓட்டை. விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். நான் புதியவன். (டெக்சஸ்)

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. உங்களுக்கு வந்தவை இரண்டு ஓட்டை உள்ள பெர்டன் பிரைமர் கூடுகள். நம் டையின் ஊசி நடுவில் ஒரே ஓட்டை உள்ள பாக்ஸர் கூடுகளுக்கானது. இந்த முறைகளுக்குப் பெயர் தந்தவர்களில் பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது பாக்ஸர் முறை. விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சொன்னபடி பொருள் வரவில்லை என்று வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். வங்கி கார்டு பில் அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் போக வேண்டும். விளம்பரத்தின் படம், கூட்டின் உட்புறப் படம் இரண்டையும் இணையுங்கள். விடாதீர்கள். இனி வாங்கினால் முதலில் இருபது மட்டும் வரவழைத்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

கே: கன் ஷோ என்னும் துப்பாக்கிச் சந்தையில், ஜிப் பையில் 50 தோட்டா, பாதி விலை. செய்தவர் அனுபவசாலியாம். வாங்கலாமா? (பென்சில்வேனியா)

வேண்டாம். என்ன மருந்து, எவ்வளவு என்று பையில் எழுதியிருக்கிறதா? விற்பனைக்குத் தோட்டா செய்பவருக்கு உரிமம் கட்டாயம், அதைக் கேட்டுப் பாருங்கள். ரீலோட் தோட்டாவால் துப்பாக்கி கெட்டால் வாரன்ட்டி கிடையாது என்று பல துப்பாக்கி நிறுவனங்கள் தங்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கின்றன.

கே: காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது. இந்தக் கருவிகளை வரவழைத்து இங்கே செய்யலாமா? (திருநெல்வேலி)

கூடாது. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ன் ஆயுதச் சட்டப்படி குற்றம். வேட்டையை 1972-ன் வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. உங்கள் நஷ்டம் உண்மையானது. சேதத்தைப் படம் எடுத்து, இழப்பீடு கேட்டு வனத்துறையில் மனு கொடுங்கள்.

கே: ஒரு பவுண்டு மருந்து ஆன்லைனில் மலிவாக இருந்தது. பில்லில் தனியாக அபாயப் பொருள் கட்டணம் போட்டிருக்கிறார்கள். ஏமாற்றா? (மிச்சிகன்)

இல்லை. மருந்தும் பிரைமரும் அனுப்ப அந்தக் கட்டணம் வழக்கம். பெரும்பாலும் ஒரு பார்சலுக்கு ஒரு முறைதான், அதனால் ஒரு பவுண்டுக்கு ஆர்டர் போடாதீர்கள். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் வீட்டில் வைப்பதற்கும் வரம்பு உண்டு: தீப்பாதுகாப்பு விதிப்படி பொதுவாக 20 பவுண்டு வரை, அதுவும் வந்த டப்பாவிலேயே. உங்கள் ஊர் விதி இன்னும் கடுமையாக இருக்கலாம், தீயணைப்பு நிலையத்தில் கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள்.