டாக்டர் எழுதிக் கொடுத்த மூன்று வார லீவை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. ராயக்கோட்டை பக்கத்தில் கிராமம். ஓசூரில் ஒரு கம்பெனியில் நாலு வருஷமாக அசெம்ப்ளி லைனில் வேலை, சம்பளம் 18,000. ஏ ஷிப்ட் என்றால் 3.30-க்கு எழுந்தால்தான் 4.45 பஸ்ஸைப் பிடிக்க முடியும். இரண்டு பிள்ளைகள். மாமனார் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். வீட்டுக்காரர் தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறார். மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. பஸ் ஹாரன் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. லைனில் நிற்கும்போதே அழுகை வருகிறது, பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வருகிறேன். கிருஷ்ணகிரியில் மனநல டாக்டர் மாத்திரை கொடுத்து மூன்று வாரம் ஓய்வு எழுதினார். சி.எல். எல்லாம் பிள்ளைகள் காய்ச்சலுக்கும் மாமனார் ஆஸ்பத்திரிக்கும் தீர்ந்துவிட்டது. சீட்டைக் கொடுத்தால் ‘மெண்டல்’ என்று பேர் வருமோ, வேலை போய்விடுமோ என்று பயம். வீட்டுக்காரர், “லீவு போட்டா நல்லதுதான், அப்பாவ நீயே பாத்துக்கலாம்” என்கிறார். என்ன செய்வது?

பதில்: லீவை எடுங்கள். எச்.ஆர்., பணம் எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது வீட்டுக்காரர் சொன்ன அந்த ஒரு வரி.

அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. ஆனால் அப்படியே நடந்தால், கம்பெனியில் எட்டு மணி நேர வேலை போய், வீட்டில் இருபத்துநாலு மணி நேர வேலை வந்துவிடும். மூன்று வாரம் முடிந்து அதே களைப்போடு பஸ் ஏறுவீர்கள். அப்போது கம்பெனியும் “லீவு கொடுத்தோமே” என்று சொல்லும், வீடும் சொல்லும். “இவ்வளவு லீவு எடுத்தும் சரியாகலையே, என்மேல்தான் ஏதோ தப்பு” என்று நீங்களே நினைக்கத் தொடங்குவீர்கள். இப்படித் திரும்பி வந்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நோய் முற்றுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

சூளகிரி பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம், ஒரு நாள் முழுக்கச் செய்வதை எழுதச் சொன்னேன். கைப்பையிலிருந்த பே ஸ்லிப்பைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினார். 3.30 எழுந்திருத்தல், தண்ணீர் பிடித்தல், சோறு, குழம்பு, டிபன் பாக்ஸ், பஸ், 6 முதல் 2 வரை லைன், திரும்ப பஸ். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் “4 மணிக்கு மேல் ஃப்ரீ” என்று எழுதி முடித்துவிட்டார். துணி துவைப்பது யார், மாவு ஆட்டுவது யார், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது யார், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் “நான்தான்” என்றவர், கடைசியில் “அதெல்லாம் வேலையா மேடம்?” என்று கேட்டார்.

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அதை வேலை என்றுதான் எண்ணுகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். நோயாளியையும் பிள்ளைகளையும் பார்ப்பது இதில் சேராது, அதற்குத் தனிக் கணக்கு.

1985-ல் கிரீன்ஹவுஸ், பியூடெல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே நடக்கும் இந்த இழுபறியை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது நேரம்: ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. இரண்டாவது களைப்பு: ஒரு இடத்தில் பட்ட பாடு அடுத்த இடத்துக்கும் கூடவே வருகிறது. மூன்றாவது நடந்துகொள்ளும் விதம்: இதை யாரும் கவனிப்பதில்லை. லைனில் முகத்தில் எதையும் காட்டாமல் வேகமாகக் கை ஓட வேண்டும். அதே ஆள் வீட்டுக்குள் நுழைந்த நிமிஷமே பொறுமையாக, சிரித்த முகமாக மாற வேண்டும். அந்த மாற்றத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும்தான், அதிலும் தூங்கி விழுந்தபடி. பஸ் ஹாரன் கேட்டால் நெஞ்சு படபடப்பதில் ஆச்சரியமே இல்லை. நீங்கள் பலவீனமான பெண் என்பதற்கு அது அடையாளமும் இல்லை.

ஒரு குழந்தைக்குப் பெற்றோருக்கு 480 நாள் விடுப்பு தரும் ஸ்வீடனிலேயே, மனநலக் காரணத்துக்காக மருத்துவ விடுப்பில் போகிறவர்களில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம். ராயக்கோட்டையில் படுத்த நோயாளியை வைத்துக்கொண்டு நீங்கள் மூன்று மாதம் தாங்கியதே அதிகம்.

அதனால் லீவை முதலில் வீட்டில் கேட்க வேண்டும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வீட்டுக்காரரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். “இந்த ஓய்வு வீட்டு வேலைக்கும் சேர்த்துத்தான்” என்பதை டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும். நீங்கள் சொன்னால் அது புலம்பலாகக் கேட்கும், டாக்டர் சொன்னால் மருந்தாகக் கேட்கும். நம் ஊர் நடைமுறை இது, பயன்படுத்திக்கொள்வதில் தப்பில்லை. “எல்லாரும் கொஞ்சம் உதவி பண்ணுங்க” என்று பொதுவாகச் சொன்னால் மூன்றாம் நாள் காணாமல் போய்விடும், பேர் சொல்லிப் பிரியுங்கள். காலையில் மாமனாரைக் குளிப்பாட்டித் துணி மாற்றுவது அவர் மகன், அதாவது உங்கள் வீட்டுக்காரர். லோடு இருக்கும் நாளில் யார் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நாத்தனார் இருந்தால் பத்து நாள் வந்து தங்கச் சொல்லுங்கள், அவருக்கும் அப்பாதானே.

இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கியதே உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சுகர், பிரஷர் மாத்திரை மட்டுமில்லை, படுத்த நோயாளிக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து செய்வது அந்தத் திட்டத்தில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமனார் பெயரைப் பதிந்துவிடுங்கள். லீவு முடிந்த பிறகும் அந்த உதவி தொடரும்.

இனி பணம். உங்கள் பே ஸ்லிப்பில் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) என்று மாதம் 135 ரூபாய் பிடித்திருப்பார்கள். 18,000-க்கு முக்கால் சதவீதம் அது. கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. அதாவது இந்த லீவுக்கான பணத்தை நாலு வருஷமாக நீங்களே கட்டி வந்திருக்கிறீர்கள். நோய்க்கால உதவித்தொகை சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. மனநோய்க்கு இது கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜனவரி முதல் ஜூனுக்குள் லீவு எடுத்தால் அதற்கு முந்தைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையில், ஜூலை முதல் டிசம்பருக்குள் என்றால் அக்டோபர் முதல் மார்ச் வரையில், 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒழுங்காக வேலைக்குப் போனவருக்கு அது தானாகவே இருக்கும்.

தினச் சம்பளம் 600 என்று வைத்துக்கொண்டால் 420 ரூபாய் வரும். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. மிச்சம் 19 நாளுக்கு 7,980. முழுச் சம்பளமாக இருந்தால் 12,600 வந்திருக்கும், ஆக நாலாயிரத்து அறுநூறு ரூபாய் துண்டு விழும். இந்தக் கணக்கையும் வீட்டுக்காரரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள், மாசக் கடைசியில் சண்டையாக வேண்டாம்.

முக்கியமான விஷயம்: கிருஷ்ணகிரி டாக்டர் சீட்டை மட்டும் கம்பெனியில் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள், சம்பளமில்லா லீவாகப் போய்விடலாம். லீவு தொடங்கும் நாளிலேயே அந்தச் சீட்டோடு உங்கள் இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்கோ ஓசூர் இஎஸ்ஐ மருத்துவமனைக்கோ போய், அங்கே இருக்கும் டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்குங்கள். நாள் கடந்து போனால் பின்தேதி போட்டுத் தர மாட்டார்கள். கம்பெனிக்கு இத்தனை தேதி முதல் இத்தனை தேதி வரை ஓய்வு என்று எழுத்தில் தெரிவித்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். போனில் சூப்பர்வைசரிடம் சொன்னதோடு விட்டுவிட வேண்டாம்.

பேர் கெட்டுவிடுமா என்ற பயம் நியாயமானது, அதை நான் சும்மா தட்டிக்கழிக்க மாட்டேன். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைத்திருக்க டாக்டரைக் கட்டுப்படுத்துகிறது. எச்.ஆர். போன் செய்து “அவங்களுக்கு என்ன?” என்று கேட்டாலும், உங்கள் சம்மதமில்லாமல் அவர் சொல்லக் கூடாது. இஎஸ்ஐ உதவித்தொகை வாங்கும் நாட்களில் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948 இஎஸ்ஐ சட்டத்தின் 73-வது பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். பஸ்ஸில் கூட வரும் பெண்கள் கேட்டால், “ஒடம்பு முடியல, டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு” என்றால் போதும். நோயின் பெயரை யாருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இரண்டில் எது குறைந்தாலும் இதே மாதிரி அசதியும் அழுகையும் வரும், இரும்புச்சத்துக் குறைவு நம் பெண்களிடம் சர்வசாதாரணம். மாத்திரை வேலை செய்வது தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். “பத்து நாள் போட்டேன், ஒண்ணும் தெரியல” என்று நிறுத்திவிடாதீர்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றினாலும் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

லீவின் முதல் வாரம் தூக்கம், வேறொன்றும் வேண்டாம். 3.30 அலாரத்தை போனிலிருந்து அழித்துவிடுங்கள், லைன் வாட்ஸ்அப் குரூப்பை மியூட்டில் போடுங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.

‘செத்துப் போயிடலாமா’ என்ற நினைப்பு உங்களுக்கு வருகிறதா? கடிதத்தில் இல்லை, இருந்தாலும் கேட்க வேண்டியது என் கடமை. வந்தால் மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நடு ராத்திரி என்றால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. காசு இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு.

மூன்றாவது வாரம் முடிவதற்குள் டாக்டரை மறுபடி பாருங்கள். ஓய்வு போதவில்லை என்று அவர் சொன்னால் நீட்டிக்கலாம், உங்களுக்கு 91 நாள் வரை இடமிருக்கிறது. திரும்பப் போகலாம் என்றால் ஃபிட்னஸ் சர்டிபிகேட்டில் ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: ஒரு மாதத்துக்கு ஜெனரல் ஷிப்ட், ஓ.டி. வேண்டாம். கம்பெனி அதை ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் டாக்டர் கையெழுத்தோடு வரும் கோரிக்கையை நல்ல எச்.ஆர். தட்ட மாட்டார். மறுத்தாலும், “ஜெனரல் ஷிப்ட் காலியானதும் மாத்தித் தாங்க” என்று எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.