டொமைன் வாங்கி ஹோஸ்டிங்கும் போட்டாச்சு, ஆனால் தளம் திறக்கவில்லை. நேம் சர்வர்தான் காரணமா?

பெரும்பாலும் அதுதான். உங்கள் டொமைனுக்கு எந்த ஐபி முகவரி என்று கேட்டால் பதில் சொல்லும் கணினிதான் நேம் சர்வர். டொமைன் பதிவு செய்த இடத்தில் நீங்கள் கொடுக்கும் நேம் சர்வர் பெயர்களை, டாட் காம் மாதிரியான மேல்நிலைப் பதிவகம் குறித்து வைத்துக்கொண்டு, கேட்பவர்களை எல்லாம் அங்கே அனுப்பிவிடும்.

பெரிய கட்டடத்தின் வாசலில் ஒருவரைப் பற்றி விசாரிக்கிறீர்கள், காவலாளி "மூணாவது மாடியில் கேளுங்க" என்கிறார், ஏறிப்போனால் அங்கே "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்கிறார்கள் என்று வையுங்கள். இங்கே நடப்பதும் அதேதான். ஹோஸ்டிங் பக்கம் டொமைனைச் சேர்க்க மறந்தால் இப்படித்தான் ஆகும். நேம் சர்வர் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலோ அந்த மாடியே கிடையாது.

கணினியின் கட்டளைச் சாளரத்தில் இயங்கும் என்எஸ்லுக்கப் (nslookup) கட்டளையில் உங்கள் டொமைனுக்கு என்எஸ் வகையை, அதாவது நேம் சர்வர் பெயர்களை, கேட்டுப் பாருங்கள். வருகிற பெயர்களும் ஹோஸ்டிங் நிறுவனம் தந்தவையும் ஒன்றா? ஒன்றுதான் என்றால், அந்த நேம் சர்வரிடமே நேரடியாக உங்கள் டொமைனைக் கேளுங்கள், மறுத்தால் கோளாறு ஹோஸ்டிங் பக்கம். அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று: முன்பு டிஎன்எஸ்செக் (DNSSEC, நேம் சர்வரின் பதில் போலியல்ல என்று கையொப்பத்தால் உறுதிசெய்யும் முறை) போட்டிருந்தால், அந்தக் கையொப்பச் சாவியைக் குறிக்கும் பழைய டிஎஸ் (DS) பதிவு டொமைன் பதிவு செய்த இடத்தில் அப்படியே கிடக்கலாம். புது நேம் சர்வரோடு அது பொருந்தாது, அதை நீக்குங்கள்.

"48 மணி நேரம் காத்திருந்தால் தானாகச் சரியாகும்" என்பார்கள். அது இடையில் உள்ள கணினிகள் சேமித்து வைத்த பழைய பதில் அவற்றின் நினைவகத்திலிருந்து கழியும் காலம்தான், தப்பான பெயரைக் கொடுத்திருந்தால் 48 நாள் ஆனாலும் தளம் திறக்காது.